வாலிபத்தில் தெரியவரும் ஆட்டிசம்: துணை நிற்பது எப்படி?

மதீனா நகரின் கடைத்தெருவிலே ஒரு நபித்தோழர் இருந்தார். தலையில் பட்ட காயத்தின் காரணமாக அவருக்குப் பேச்சில் தடுமாற்றமும், கொடுக்கல் வாங்கலில் கணிப்புக் குறைவும் உண்டாகியிருந்தன. வியாபாரத்தில் ஆசை அதிகம். ஆனால் சரக்கு வாங்கப் போகும்போதெல்லாம் ஏமாற்றப்பட்டு வந்தார். அவர் பெயர் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்று சில அறிஞர்களும், அவருடைய தந்தை முன்கித் (ரலி) அவர்களுக்கே இது நிகழ்ந்தது என்று வேறு சிலரும் குறிப்பிடுகிறார்கள்.

வீட்டார் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, இவர் வியாபாரம் செய்யாதபடி தடை போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பாசத்தினால் கேட்ட கேள்விதான் அது. பெருமானார் (ஸல்) அவர்களும் அவரை அழைத்து, வியாபாரத்தை விட்டுவிடும்படி சொல்லிப் பார்த்தார்கள். அவரோ, அது என்னால் ஆகாது, வியாபாரம் செய்யாமல் என்னால் இருக்க முடியாது என்று மனந்திறந்து சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் நபி (ஸல்) அவர்கள் வழியை மாற்றினார்கள். பேரம் பேசும்போது, ஏமாற்று வேலை கூடாது என்று பொருள்படும் சிறு வாசகம் ஒன்றைச் சொல்லிவிடும்படி கற்றுக்கொடுத்தார்கள். வாங்கிய பொருளை 3 நாள் வைத்திருந்து பார்க்கவும், மனத்துக்கு ஒவ்வாவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் அவருக்கு உரிமை அளித்தார்கள். பிற்காலத்தில், உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம் வரையிலும், யாரேனும் ஒரு வியாபாரி பொருளைத் திரும்ப வாங்க மறுத்தால், அவ்வழியே வரும் ஸஹாபி ஒருவர் நின்று, இவருக்கு 3 நாள் அவகாசம் தந்தது நபி (ஸல்) அவர்களே என்று சாட்சி சொல்லிப் போவாராம்.

இந்த நிகழ்ச்சியில் 3 துணைகள் இருப்பதைக் கவனியுங்கள். அவர் வாயாலேயே சொல்லிக்கொள்ள ஒரு சொல். அவசரப்படாமல் முடிவு செய்ய அவகாசம். தேவைப்படும்போது பக்கத்தில் நிற்க ஒரு சாட்சி. இந்த மூன்றும் கிடைத்ததால் அவர் கடைத்தெருவை விட்டு வெளியேற வேண்டிய நிலை வரவில்லை.

அந்தத் தோழருக்கு இருந்தது ஆட்டிசம் அன்று. ஆயினும், வளர்ந்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லக் கேட்டுத் திகைத்து நிற்கும் வீடுகளுக்கு இந்த நிகழ்ச்சியிலே தெளிவான வழி இருக்கிறது. அதை ஒட்டியே இப்பாடத்தைப் பார்ப்போம்.

ஆட்டிசம் என்பது என்ன?

ஆட்டிசம் பிறவியிலேயே அமையும் ஒரு மூளை வளர்ச்சி வேறுபாடு. தொற்றுவதில்லை, நடுவயதில் திடீரென்று வருவதுமில்லை. தமிழில் இதை மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். அரசாங்கப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்ற சொல்லைக் காணலாம். அந்தப் பெயரைப் பார்த்து, இவர்களுக்கு அன்பும் உணர்வும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உணர்வு நிறைய இருக்கிறது. அதை மற்றவர்கள் எதிர்பார்க்கும் முறையில் வெளிக்காட்டுவதில்தான் வேறுபாடு.

பிறர் முகம் பார்த்துப் பேசுவது சிரமமாக இருக்கும். சாடையாகச் சொன்னது புரியாது. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அன்றாட ஒழுங்கு குலைந்தால் நிலைகொள்ளாமல் போவார்கள். ஒரு துறையிலே ஆழ்ந்த ஈடுபாடு இருக்கும். மிக்ஸி சத்தம், கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, அத்தர் வாசனை, சட்டைக் காலரில் உறுத்தும் துணி, இவை நமக்குச் சாதாரணம். அவர்களில் சிலருக்கு உடம்பே பொறுக்காது.

1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் இது மருத்துவ உலகில் தனியாக அறியப்பட்டது. பிறகு சில காலம், தாயின் பாசக் குறைவால்தான் இது வருகிறது என்று சிலர் எழுதித் தாய்மார்களை வாட்டினார்கள். அந்தக் கருத்து தவறு என்று ஆராய்ச்சிகள் எப்போதோ தள்ளிவிட்டன. ஆகவே பிள்ளையைப் பெற்றவளைக் குறை சொல்லும் நாவுகள் அடங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-ஆம் ஆண்டில் உலகில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். அப்படியானால் ஒரு பெரிய மஹல்லாவில் ஒருவருமே இல்லை என்பது நடக்கக்கூடியதா? நம் கண்ணில் படவில்லை என்பதே உண்மை.

இருபது வயதில் ஏன் தெரியவருகிறது?

ஒரு வாலிபரை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் நன்றாகப் படித்தார். அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்களின் நேரமெல்லாம் மனப்பாடம். குர்ஆன் ஓதினால் ஓர் எழுத்துப் பிசகாது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கூச்ச சுபாவம் என்றார்கள். கல்லூரிக்குப் போனதும் புது இடம், புது முகங்கள், விடுதி இரைச்சல். பாதியிலே திரும்பி வந்துவிட்டார். சோம்பேறி என்றார்கள். வேலைக்கு வைத்தார்கள், முதலாளி சாடையாகச் சொன்னது விளங்கவில்லை, வேலை போயிற்று. திமிர் என்றார்கள். கடைசியில் தூக்கம் கெட்டு, மனம் தளர்ந்து மருத்துவரிடம் போனபோதுதான் இது ஆட்டிசம் என்று தெரியவந்தது. இப்படி எத்தனையோ பேர் பெயர் தெரியாமலே பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது, பேச்சு வராத பிள்ளைக்கு மட்டுமே ஆட்டிசம் இருக்கும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது.

பெண் பிள்ளைகளின் நிலை இதைவிட மறைவானது. பேசாமல் ஒதுங்கியிருக்கும் பெண்ணை நம் வீடுகளில் அடக்கமானவள் என்று புகழ்கிறோம். மற்றப் பெண்களைப் பார்த்து அப்படியே நடித்துப் பழகிக்கொள்ளும் பெண்ணும் உண்டு. அந்த நடிப்பின் களைப்பு யாருக்கும் தெரிவதில்லை. கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன பிறகு, கூட்டமும் சத்தமும் புது ஒழுங்கும் ஒரே நாளில் வந்து மேலே விழும்போது அவள் உடைந்து போகிறாள்.

மருத்துவர் சொன்ன பெயரைக் கேட்டதும் பெற்றோர் அழுகிறார்கள். பிள்ளைக்கோ பல சமயம் அது ஆறுதலாக இருக்கிறது. நான் கெட்டவனில்லை, சோம்பேறியில்லை, என் அமைப்பே இப்படி என்று முதன்முதலாக அவனுக்கு விளங்குகிறது. பெற்றோர் தம் கண்ணீரினால் அந்த ஆறுதலைப் பறித்துவிடக் கூடாது.

முதல் துணை: சொல்

ஹப்பான் (ரலி) அவர்களுக்கு ஒரு வாசகம் கிடைத்தது போல, இவருக்கும் தம் நிலையைத் தாமே சொல்லிக்கொள்ளச் சில வாசகங்கள் வேண்டும். அவற்றை வீட்டில் உட்கார்ந்து சேர்ந்து தயார் செய்யலாம். "எனக்கு இந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளாது, சற்று வெளியே நின்றுவிட்டு வருகிறேன்." "நீங்கள் சொல்வதை எழுதித் தாருங்கள். படித்துவிட்டு நாளை பதில் சொல்கிறேன்." "நான் முகம் பார்க்காவிட்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்." இவ்வளவு போதும். பேசச் சிரமப்படுகிறவர் ஒரு சிறிய அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமலிருப்பது என்பது அவருடைய உரிமை. அவர் சம்மதமில்லாமல் சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் தாயோ தந்தையோ பரப்பிவிடக் கூடாது. அவர் வயது வந்தவர் என்பதை மறக்க வேண்டாம்.

சம்பந்தம் பேசும்போது மட்டும் மறைத்தல் ஆகாது. கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறவினர் சொல்லும் யோசனையினால் இரண்டு வீடுகள் கண்ணீர் வடிக்கும். ஆட்டிசம் உள்ளவர்களில் நல்ல கணவராக, நல்ல மனைவியாக, நல்ல பெற்றோராக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையைச் சொல்லி, இருவரும் விளங்கிச் சம்மதித்து நடந்த கல்யாணமாக இருக்கவேண்டும். கடைத்தெருவிலேயே ஏமாற்று வேலை கூடாது என்றால், நிகாஹ் மஜ்லிஸில் எப்படிக் கூடும்?

இரண்டாம் துணை: அவகாசம்

"கெளம்பு, பெரியத்தா வீட்டுக்குப் போறோம்" என்று வாசலில் நின்றுகொண்டு அழைத்தால் அவருக்குக் கை கால் ஓடாது. முதல் நாளே, "தம்பி, நாளைக்கு அசருக்குப் பிறகு பெரியத்தா வீட்டுக்குப் போறோம். அரை மணி நேரம் இருப்போம். ஒத்துக்கலேன்னா மாடியில போய் இருந்துக்கலாம்" என்று சொல்லிவைத்தால் அவரே தயாராகி நிற்பார். எப்போது, எங்கே, எவ்வளவு நேரம், முடியாவிட்டால் எங்கே ஒதுங்குவது, இந்த நான்கையும் முன்கூட்டிச் சொல்வது பெரிய உதவி.

ரமளான் மாதம் வீட்டின் ஒழுங்கே தலைகீழாக மாறுகிறது. நமக்கு அது இன்பம். அவருக்கு அது குழப்பம். ஒரு வாரம் முன்பே ஸஹர் நேரம், தூங்கும் நேரம், நோன்பு திறக்கும் நேரம், தராவீஹ் இவற்றை அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நோன்புக் கஞ்சியின் குழைவு தொண்டையில் இறங்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பேரீச்சம்பழமும் தண்ணீரும் இருக்கின்றன. மாத்திரை சாப்பிடுகிறவர் நோன்பு நோற்பது பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடற்கரை ஊர்களில் விருந்து என்றால் ஒரே ஸஹனில் பலர் கை வைத்து உண்பது வழக்கம். அது அவருக்கு ஒவ்வாமல் இருக்கலாம். சூரா அந்நூரின் 61-ஆம் வசனம் பார்வையற்றவர், முடவர், நோயாளி ஆகியோர் மீது குற்றமில்லை என்று தொடங்கி, சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் குற்றமில்லை என்று அனுமதி தருகிறது. அல்லாஹ் அனுமதித்ததை மரியாதைக் குறைவு என்று நாம் சொல்லலாமா? ஒரு தனித் தட்டு வைத்தால் போதும்.

வேலை பழகுவதற்கும் அவகாசம் வேண்டும். உலகில் ஆட்டிசம் என்று முதலாவதாகப் பதிவு செய்யப்பட்டவர் அமெரிக்காவின் மிஸ்ஸிஸிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933-இல் பிறந்த டொனால்ட் டிரிப்லெட். சிறுவனாக இருந்தபோது எதையும் எண்ணிக்கொண்டும் அளந்துகொண்டும் இருப்பார். அவரைச் சில காலம் வைத்துப் பராமரித்த விவசாயத் தம்பதியர் அந்தப் பழக்கத்தோடு சண்டை போடவில்லை. அளப்பதில் ஆசையா, கிணறு வெட்டி அதன் ஆழத்தை அளந்து சொல் என்றார்கள். சோள வரிசைகளை எண்ணுகிறாயா, உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். இதைக் கானரே வியந்து எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து 1958-இல் பட்டம் பெற்றார், ஊரிலிருந்த வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியே வெளிநாடுகளுக்குப் பயணம் செய்தார், 2023-இல் 89 வயதில் காலமானார். அவருடைய குடும்பம் வசதியானது என்பது உண்மைதான். ஆனால் அந்த உழவர் வீட்டு யுக்திக்குப் பணம் தேவைப்படவில்லை. ஊரார் அவரைத் தம்மில் ஒருவராக ஏற்றதற்கும் பணம் தேவைப்படவில்லை.

நம் ஊரிலும் சரக்கைக் கணக்கெடுப்பது, கணினியில் பதிவது, தையல், அச்சு வேலை, தோட்டம், மின் கருவிகளைப் பழுது பார்ப்பது என்று அவர் ஈடுபாட்டோடு ஒட்டிய வேலை இருக்கும். ஒரே மாதிரி ஒழுங்காகச் செய்யவேண்டிய வேலையை அவர்களில் பலர் நம்மைவிட நேர்த்தியாகச் செய்வார்கள். வேலையைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும்; கல்லாவில் நின்று வாடிக்கையாளரிடம் பேச்சுக் கொடுக்கும் பொறுப்பை மட்டும் தலையில் கட்டாமலிருக்க வேண்டும்.

மூன்றாம் துணை: சாட்சி

சாட்சி இருவகை. ஒன்று, காகிதச் சாட்சி. மற்றது, மனிதச் சாட்சி.

காகிதச் சாட்சியை முதலில் பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது. அதில் கூறப்பட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே சென்று தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆட்டிசத்தை அளக்க ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல் உண்டு. 6 பிரிவுகளில் 40 கேள்விகள் கொண்டது. பரிசோதனைக்கு 2017-இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் மனநலப் பிரிவை அணுகலாம். மேற்கொண்டு விரிவான பரிசோதனை வேண்டுமானால், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இயங்கி வருகிறது. சிறுவயது நடத்தை பற்றி மருத்துவர் கேட்பார். ஆகவே பிள்ளை எப்போது பேசினான், எதற்குப் பயந்தான் என்பதையெல்லாம் தாயார் முன்பே எழுதிக்கொண்டு போவது நல்லது.

பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் அதனால் வரும் உரிமைகள் சில: அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம், சேர்க்கை வயது வரம்பில் 5 ஆண்டுச் சலுகை, அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் ஆட்டிசமும் சேர்ந்த பிரிவினருக்கு ஒரு பங்கு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு உண்டு. ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை செலவுக்கு உதவும். மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்பதையும் நல அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். மனம் மிகத் தளர்ந்த நேரத்தில், இரவானாலும் பகலானாலும், 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை தருகிறார்கள்.

கோட்டைப்பட்டினத்திலிருந்தும் மீமிசலிலிருந்தும் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஒரே தடவையில் காரியம் முடியாது என்பதும் தெரிந்ததே. வரிசையும் கூட்டமும் பிள்ளைக்கு வேதனை. இந்த இடத்தில்தான் மனிதச் சாட்சி தேவைப்படுகிறது. படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு வாலிபர், உடன் சென்று வரிசையில் நிற்கும் ஒருவர், பிரயாணச் செலவைப் பார்த்துக்கொள்ளும் ஜமாஅத் பைத்துல்மால். இது பெரிய நிதி திரட்ட வேண்டிய வேலையன்று.

சாட்சி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை அடுத்த மாவட்டத்தில் கண்டோம். 6-8-2001 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 25-க்கும் மேற்பட்டோர் கருகி இறந்தார்கள். அவர்கள் மனநோயாளிகள், ஆட்டிசம் வேறு, மனநோய் வேறு. ஆனால் இரண்டையும் ஒன்றாக எண்ணி, ஜின் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, கண்காணாத இடத்தில் கொண்டு போய் விடும் வழக்கம் இரு சாராரையும் வதைத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. பிள்ளைக்காக ஓதுவோம், துஆச் செய்வோம். அவரைப் பூட்டுவதற்கு மார்க்கத்தைக் காரணமாக்க வேண்டாம்.

பள்ளிவாசல் செய்யக்கூடியது

ஆட்டிசம் இருப்பதனால் மட்டும் ஒருவர் அறிவு நீங்கியவர் ஆகிவிடமாட்டார். தொழுகையும் நோன்பும் விளங்கும் அறிவுள்ளவருக்குக் கடமையே. இயன்ற அளவுக்கே அல்லாஹ் கேட்கிறான். விளங்கும் அறிவே இல்லாத அளவு கடும் பாதிப்பு உள்ளவரின் சட்டம் வேறு. இவர் எந்த நிலையினர், ஜமாஅத்துக்கு வர இயலாதபோது என்ன செய்வது என்பதை, நிலைமையை முழுவதும் எடுத்துச் சொல்லி ஆலிமிடம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டாரின் தீர்ப்பு போதாது.

பள்ளிக்கு வருபவருக்கு வரிசையின் ஓரமாக, தூணையோ கதவையோ ஒட்டி ஓரிடம் வழக்கமாகக் கிடைக்கட்டும். ஒலிபெருக்கிக்கு நேரே அவரை நிறுத்த வேண்டாம். காதில் பஞ்சு வைத்திருந்தால் முறைத்துப் பார்க்க வேண்டாம். வீட்டிலேயே உளூச் செய்து வரட்டும். பெருநாளன்று கட்டித் தழுவாமல் ஸலாம் மட்டும் சொன்னால் அதுவே நிறைவு.

பொறுப்பும் கொடுக்கலாம். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர். நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களில் ஒருவர். விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அதன் பிறகு அவர்கள் பாங்கு சொல்வார்கள். கண் தெரியவில்லையே என்று பொறுப்பை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கவில்லை. குறைவதை மட்டும் பிறர் நிறைவு செய்தார்கள். நம் பள்ளியில் தொழுகை நேரப் பலகையை மாற்றுவது, நூலகப் புத்தகங்களை அடுக்குவது, கணக்கைப் பதிவது ஆகியவற்றை இவரிடம் ஒப்படைத்துப் பாருங்கள்.

மதீனாவில் அறிவில் சிறிது மாற்றமுள்ள ஒரு பெண்மணி, உங்களிடம் எனக்கு ஒரு தேவை உண்டு என்று நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, எந்தத் தெருவில் நின்று பேச விருப்பம் என்று அவரையே கேட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை உடன் நின்று கேட்டார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பெண்மணி என்பதைச் சிந்தியுங்கள்.

பெற்றோருக்குப் பிறகு

அத்தா என்று அழைத்தாலும் வாப்பா என்று அழைத்தாலும், பெற்றவர் நெஞ்சை இரவில் உறுத்தும் கேள்வி ஒன்றுதான்: நமக்குப் பின் இவன் கதி என்ன? அண்ணன் சவூதியில், தம்பி சிங்கப்பூரில். யார் பார்ப்பார்கள்?

பதினெட்டு வயது நிறைந்தபின் சட்டப்படி பெற்றோர் தாமாகவே காப்பாளர் ஆவதில்லை. தேவையுள்ளவருக்குக் காப்பாளரை நியமிக்க, தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு உண்டு. காப்பாளர் தேவைதானா, எந்தக் காரியத்துக்குத் தேவை என்பதை அந்தக் குழு பார்க்கும். 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ, மாற்றுத்திறனாளிக்கும் மற்றவரைப் போலச் சட்டத் தகுதி உண்டு என்றும், காப்பாளர் அவரோடு கலந்து சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஹப்பான் (ரலி) அவர்களின் வீட்டார் கேட்ட முழுத் தடையையும், அவருக்குக் கிடைத்த வாசகத்தையும் அவகாசத்தையும் இங்கே ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் காப்பாளர் தேவைப்படாது. சிலருக்கு வங்கிக் காரியத்துக்கு மட்டும் ஒரு துணை போதும்.

வாரிசுப் பங்கு விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆட்டிசம் உள்ள மகனுக்கும் மகளுக்கும் ஷரீஅத் விதித்த பங்கு முழுமையானது. இவனுக்கு எதற்குச் சொத்து, நாங்கள் சோறு போடுகிறோம் என்று உடன்பிறந்தோர் அதைச் சேர்த்துக்கொள்வது அநீதி. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, அவரையும் வைத்துக்கொண்டு, யார் எதைப் பார்ப்பது என்று பேசி எழுதி வைத்துவிடட்டும். சமைக்கவும், துணி துவைக்கவும், பணம் எண்ணிச் செலவழிக்கவும், தனியே பஸ் ஏறவும் இன்றிலிருந்தே கற்றுக் கொடுக்கட்டும். எல்லாவற்றையும் தாமே செய்து கொடுக்கும் தாயின் அன்பு, தாய் போன மறுநாள் அவரைத் திக்கற்றவராக்கிவிடும்.

பெற்றோரும் சொல்ல வேண்டிய சொல்

ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து கிடையாது. தூக்கமின்மை, பதற்றம், வலிப்பு போன்றவை உடன் இருந்தால் அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பேச்சுப் பயிற்சியும் தொழில் வழிப் பயிற்சியும் உதவும். ஆனால் அடியோடு குணமாக்குவதாகச் சொல்லி இலட்சக்கணக்கில் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-இல் தெரிவித்தது. தாயத்துக்கும் தகட்டுக்கும் நகையை அடகு வைப்பதும் இதே கணக்குத்தான். இந்தச் சந்தையில் நுழையும் பெற்றோர், ஏமாற்று வேலை கூடாது என்ற அந்தச் சொல்லைத் தாமும் சொல்லவேண்டும். பணம் கட்டுமுன் 3 நாளாவது யோசிக்கவேண்டும். விவரம் தெரிந்த ஒருவரைச் சாட்சிக்கு அழைத்துப் போகவேண்டும்.

இதைப் படிக்கும் வாலிபருக்கும் ஒரு வார்த்தை. இப்போது தெரிந்த பெயர் உங்களைப் புதிய மனிதராக்கிவிடவில்லை. நேற்று வரை இருந்த நீங்களேதான். இதுவரை சுமந்த பாரத்துக்கு ஒரு காரணம் தெரிந்திருக்கிறது, அவ்வளவே. உங்கள் தேவையைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். நபி (ஸல்) அவர்களின் முன்னிலையிலேயே, என்னால் ஆகாது என்று ஒருவர் உள்ளதைச் சொன்னார். அதன் பயனாகத்தான் அவருக்கு வழி திறந்தது.

வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது இந்த 3 கேள்விகளைப் பேசிப் பாருங்கள். நம் உறவில், தெருவில், இப்படி ஒதுங்கியிருப்பவர் யார்? அவருக்குச் சோம்பேறி, திமிர் பிடித்தவர் என்று நாம் வைத்த பெயர் சரிதானா? அவருக்காக இந்த மாதம் நாம் போகக்கூடிய ஓரிடம், நிற்கக்கூடிய ஒரு வரிசை எது?

பலவீனரின் சொல்லைக் கேட்கும் காதையும், காத்திருக்கும் பொறுமையையும், அவருக்காகச் சாட்சி சொல்லும் துணிவையும் அல்லாஹ் நம் எல்லாருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.